இலவசக் கச்சேரியிலிருந்து காதோடு வந்த சில்வண்டு

இந்த ஏப்ரல் வந்தால் மூன்று வருடம். என் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு கத்திக்கொண்டே இருக்கிறது. பகலில் ஆபீஸ் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கும். ராத்திரி விளக்கை அணைத்துத் தலையணையில் தலை வைத்ததும் ஆரம்பிக்கும். மாரியம்மன் கோவில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் காலத்திலும் வராத இந்தச் சத்தம், கலிபோர்னியாவில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கடையில், ஒரு பைசா கொடுக்காமல் கேட்ட கச்சேரியில் வந்தது. அன்றைக்கு யாராவது பக்கத்தில் வந்து “தம்பி, அந்த ஸ்பீக்கர் கிட்ட நிக்காதப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கடைக் கச்சேரிகளுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் இன்னும் போகிறேன். 2017இல் வேலைக்காகக் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊருக்கு வந்தபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது. சனி, ஞாயிறு வந்தால் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை சான்பிரான்சிஸ்கோ ஹெய்ட் தெருவில் குளிர்காற்றுக்குப் பயந்து அமீபா மியூசிக் கடைக்குள் நுழைந்தேன். முன்பு பவுலிங் விளையாடும் கூடமாக இருந்த கட்டிடம் அது. அவ்வளவு பெரிது. அதன் ஒரு பக்கத்தில் நாலு பேர் கிடார் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி ஒரு ஐம்பது பேர். டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டேன். டிக்கெட் எல்லாம் கிடையாது, நின்று கேளுங்கள் என்றார் கடைக்காரப் பெண். பாட்டு முடிந்ததும் பாடியவரே வந்து என்னோடு பேசினார். எந்த ஊர், என்ன பாட்டுக் கேட்பீர்கள் என்று விசாரித்தார். மூன்று வாரத்தில் என்னிடம் என்னைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இதை இங்கே இன்-ஸ்டோர் என்று சொல்கிறார்கள். பெரிய கம்பெனிப் பின்பலம் இல்லாமல் தாங்களே பாட்டு எழுதி, தாங்களே பதிவு செய்யும் இன்டி இசைக்குழுக்கள், புது ஆல்பம் வந்த கையோடு இசைத்தட்டுக் கடைகளில் அரைமணி, முக்கால் மணி நேரம் இலவசமாக வாசிப்பார்கள். கூட்டம் வந்தால் கடைக்கு வியாபாரம். குழுவுக்குப் புதுக் காதுகள் கிடைக்கும். கேட்கிறவருக்குச் செலவில்லை. சென்னையில் மார்கழி சீசனில் பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளை டிக்கெட் இல்லாமல் கேட்கலாம் அல்லவா, வளர்ந்து வருகிறவர்கள் பாடுவார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. பெரிய தலைகளும் எப்போதாவது வருவார்கள். 2007 ஜூன் 27 அன்று அதே அமீபாவின் ஹாலிவுட் கடையில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியே வந்து இலவசமாகப் பாடியிருக்கிறார். அடுத்த வருடம் ஏப்ரல் 19 அன்று ரெக்கார்ட் ஸ்டோர் டே என்று, பெரிய கம்பெனிகளைச் சேராத தனி இசைத்தட்டுக் கடைகளுக்காக ஒரு நாளைத் தொடங்கினார்கள். இப்போது வருடா வருடம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்தே வரிசை நிற்கும். பல கடைகளில் அன்று முழுக்கப் பாட்டுத்தான்.

போக நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளிவருகின்றன. அதனால் வெள்ளி சாயங்காலமும் அதையொட்டிய சனி, ஞாயிறும் இன்-ஸ்டோர் பார்க்க நல்ல நாட்கள். கடையின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படியுங்கள். கடையும் குழுவும் இன்ஸ்டாகிராமில் போடுவதைப் பின்தொடருங்கள். “இலவசம்” என்று போட்டிருந்தாலும் சில இடங்களில் ஆல்பம் வாங்கியவர்களுக்குத்தான் முன்னிடம், கையெழுத்து. சில இடங்களில் உள்ளே போக டிக்கெட் போலக் கைப்பட்டை கொடுப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய், கைப்பட்டை காலையிலேயே முடிந்துவிட்டது என்று திரும்பியிருக்கிறேன். மது விற்கும் இடம் இல்லை என்பதால் பெரும்பாலும் வயது வரம்பு கிடையாது, கைக்குழந்தையோடும் வரலாம். இசைத்தட்டுப் பெட்டிகளின் மேல் பையை வைக்காதீர்கள், சாயாதீர்கள். முடிந்தால் ஏதாவது ஒன்று வாங்குங்கள். எல்பி, அதாவது முழு ஆல்ப இசைத்தட்டு, வாங்கக் காசில்லாத நாளில் நான் மூன்று டாலருக்கு ஸ்டிக்கராவது வாங்கியிருக்கிறேன். அவர்களுக்குப் பெட்ரோல் காசு அதிலிருந்துதான் வருகிறது.

இனி அந்த நாள். 2023 ஏப்ரல் 22, ரெக்கார்ட் ஸ்டோர் டே. கடையின் பெயர் வேண்டாம். ஓக்லாண்ட் பக்கம், நம்மூர் மளிகைக் கடையை இரண்டு மடங்கு நீட்டினால் வரும் அளவு, தாழ்வான கூரை. மேடை கிடையாது. நடுவிலிருந்த பெட்டிகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்திருந்தார்கள். கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் என்று மூன்று பேர் குழு. எனக்கு மிகவும் பிடித்த குழு. ஒரு மணி நேரம் முன்பே போய் முதல் வரிசையில் நின்றுகொண்டேன். என் இடதுபுறம், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், கம்பத்தின் மேல் ஒரு ஸ்பீக்கர். அதன் வாய் சரியாக என் காது உயரத்தில் இருந்தது. முதல் குழு அரைமணி. நான் காத்திருந்த குழு ஐம்பது நிமிடம். மூன்றாவது பாட்டிலேயே காதுக்குள் முள் குத்துவது போல ஒரு வலி. அந்த வலி ஒரு எச்சரிக்கை என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன், வாசல் வரை தலைகள். நகர்ந்தால் இடம் போய்விடும் என்று நின்றேன். அந்த ஒரு முடிவை நினைத்து எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

வெளியே வந்தபோது உலகம் கிணற்றுக்குள் இருந்து கேட்டது. பார்ட் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு காதில் விழவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன், கையில் 24 டாலருக்கு வாங்கிய கையெழுத்துப் போட்ட எல்பி. கச்சேரிக்குப் போனால் காது அடைப்பது சகஜம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முன்பெல்லாம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஞாயிறு காலை வலது காது திறந்துவிட்டது, இடது திறக்கவில்லை. அடைப்போடு “ங்ங்ங்” என்று மெல்லிய கம்பிச் சத்தம். திங்கள் மீட்டிங்கில் இடதுபக்கம் உட்கார்ந்தவர் பேசியது பாதி புரியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். “நல்லெண்ணெயில ரெண்டு பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடு கண்ணு, எல்லாம் சரியாயிடும்” என்றார். விட்டேன். அம்மா மேல் குற்றமில்லை, நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் தயவுசெய்து விடாதீர்கள். சத்தத்தால் அடிபடுவது உட்காது. எண்ணெய் செவிப்பறையைத் தாண்டி அங்கே போகாது. நடந்தது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை அர்ஜென்ட் கேரில், அதாவது அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போகும் கிளினிக்கில், பார்த்த மருத்துவருக்கு எண்ணெயும் அழுக்கும்தான் கண்ணில் பட்டது. காதைக் கழுவிவிட்டு, ஒரு வாரத்தில் சரியாகும் என்று அனுப்பிவிட்டார். 75 டாலர் போனது. அதைவிட, இரண்டு வாரம் போனது.

இங்கேதான் நான் தெரிந்துகொள்ளாமல் போன மிக முக்கியமான விஷயம். சத்தமான இடத்துக்குப் போய் வந்த பிறகு காது அடைப்போ இரைச்சலோ ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால், அதுவும் ஒரு காதில் கேட்பது திடீரென்று குறைந்திருந்தால், மூன்று நாளைக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க முயலுங்கள். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போது “காது அடைப்பு” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் சளி, அழுக்கு என்று நினைத்து மூன்று வாரம் தள்ளிப் போடுவார்கள். “திடீரென்று கேட்கும் திறன் குறைந்துவிட்டது, உடனே கேட்டல் பரிசோதனை வேண்டும்” என்று சொல்லுங்கள். நான் அடைப்பு என்றுதான் சொன்னேன். பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி கிடைத்தது. முன்பே வந்திருந்தால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம், பலன் தந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அந்த மருத்துவர். அந்த “பார்த்திருக்கலாம்” இன்னும் உறுத்துகிறது.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காது சரி. அதை வரைந்த படத்தில் இடது காதுக் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி இடத்தில் பள்ளத்தில் விழுந்து, பிறகு ஏறியது. சத்தத்தால் கெட்ட காதுகளில் இந்தப் பள்ளம் 3000 முதல் 6000க்குள் வருமாம், பார்த்ததும் சொல்லிவிடுவார்களாம். உட்காதில் முடி போன்ற செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 பிறக்கும்போதே இருக்கின்றன; செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை என்று அந்தப் பரிசோதனை செய்த பெண் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். பிறகு ஒரு கணக்கும் சொன்னார். தொழிலாளர் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனம், நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரைமணி, 100க்குக் கால்மணி. நான் நின்றது எண்பது நிமிடம், ஸ்பீக்கர் வாயில்.

அதுவரை பெரிய மைதானக் கச்சேரிதான் காதுக்கு ஆபத்து, சின்னக் கடைக்கு என்ன என்று நினைத்திருந்தேன். பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம், அடித்தால் அதுவே அறையை நிரப்பும். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கிடார் கேட்க வேண்டும், அதையும் தாண்டிக் குரல் கேட்க வேண்டும். ஆகவே ஸ்பீக்கரை ஏற்றத்தான் வேண்டும். அடியில் இருக்கும் டிரம்ஸ் சத்தத்தைக் குறைக்க வழியில்லை. பெரிய அரங்கில் ஸ்பீக்கர் தலைக்கு மேலே தொங்கும், உங்களுக்கும் அதற்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கும். கடையில் அந்த இடைவெளி கிடையாது. பாடுகிறவரின் மூச்சு கேட்கும் அந்த நெருக்கத்துக்காகத்தான் நாம் போகிறோம். சிம்பல் எனும் டிரம்ஸ் தட்டின் சத்தம் முகத்துக்கு நேரே விழுவதும் அதே நெருக்கத்தால்தான். தாழ்ந்த கூரையும் கண்ணாடியும் வேறு சத்தத்தைத் திருப்பி அடிக்கும். வேண்டுமென்றே யாரும் எதுவும் செய்யவில்லை. அந்தப் பையன்கள் நன்றாக வாசித்தார்கள், கடைக்காரர் பாசத்தோடு ஏற்பாடு செய்தார். எனக்குக் கோபம் இருந்தது, யார் மேல் வைப்பது என்று தெரியாமல் என் மேலேயே வைத்துக்கொண்டேன்.

பணக் கணக்கு சொல்லிவிடுகிறேன். அர்ஜென்ட் கேர் 75. ஈஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டை மருத்துவரும் பரிசோதனையும் சேர்த்து 410. இன்ஷூரன்ஸ் பணம் தருவதற்கு முன் நாமே கட்ட வேண்டிய தொகையான டிடக்டபிள் தீராததால் முழுக்க என் கையிலிருந்து. இணையத்தில் “காது இரைச்சலுக்கு மாத்திரை” என்று விளம்பரம் பார்த்து வாங்கிய இரண்டு டப்பா 118. இதில் ஏமாந்ததுதான் எனக்கு அதிக வருத்தம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கிற ஆள் எதையும் நம்புவான். காது மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு 2014இலேயே ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்ற எதையும் காது இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தது டப்பா காலியான பிறகு. கடைசியாக ஆறு முறை மனநல ஆலோசனை, இன்ஷூரன்ஸ் போக என் பங்கான கோ-பே 240. மொத்தம் 843 டாலர், நாலு நாள் லீவு. இதில் பிரயோஜனமானது பரிசோதனையும் ஆலோசனையும்தான்.

காது கெட்ட பிறகு ஐந்து மாதம் நான் பாட்டே கேட்கவில்லை. எல்பிகளை அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டேன். ரூம்மேட்டிடம் சொல்லவில்லை, சொன்னால் “காதுல சத்தமா? ஹெட்போனைக் கழட்டுடா” என்று சிரிப்பான் என்று பயம். வெளியே எதுவும் தெரியாது, கட்டுப் போட்ட கை போலக் காட்ட முடியாது. எல்லாச் சத்தத்துக்கும் பயந்து ஆபீஸில்கூடக் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது தப்பு என்று ஆலோசகர்தான் புரிய வைத்தார். சாதாரணச் சத்தத்தைக்கூடத் தடுத்தால் காது இன்னும் கூச ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் இரைச்சல் இன்னும் பெரிதாகத் தெரியும். அமைதியைத் தேடாதே, மெல்லிய சத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்றார். ராத்திரி டேபிள் ஃபேன் ஓட விட்டேன், இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு இல்லாமல் கொஞ்சம் கீழே. மூளை அதை ஆபத்து என்று நினைப்பதை மெல்ல நிறுத்தும் என்றார். நிறுத்தியது. சத்தம் போகவில்லை. பயம் போனது. அந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த நாட்களில் ஒரு விஷயம் படித்தேன். கேத்தி பெக் என்று சான்பிரான்சிஸ்கோ பேஸ் கலைஞர், 1984இல் ஒரு பெரிய கச்சேரியில் வாசித்த பிறகு காது கெட்டு, 1988இல் ராக் இசைக்காரர்களுக்காக ஹியர் என்று ஒரு அமைப்பையே தொடங்கியிருக்கிறார். என் வீட்டிலிருந்து ரயில் தூரத்தில். இன்டி உலகில் பயங்கரச் சத்தத்துக்குப் பேர்போன மை ப்ளடி வேலன்டைன் குழு, கச்சேரி வாசலில் காதை அடைக்கும் இயர்பிளக் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவார்களாம். இயர்பிளக் போடுகிறவர் பாட்டை ரசிக்கத் தெரியாதவர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று மனசு கஷ்டப்பட்டது.

அக்டோபரில் திரும்பிப் போனேன், வேறு கடை. மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் இயர்பிளக் காதை நன்றாகக் காக்கும், ஆனால் பாட்டு ஏதோ போர்வைக்குள் இருந்து வருவது போல இருக்கும். இசை கேட்பதற்கென்றே எல்லாச் சுருதியின் சத்தத்தையும் சமமாகக் குறைக்கும் வகை இருபது டாலருக்குள் கிடைக்கிறது, அதுவே போதும். நான் பின்னால் 190 டாலர் கொடுத்துக் காதுக்கு அச்செடுத்துச் செய்துகொண்டேன். அதை நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்பாஞ்ச் போடுவதாக இருந்தால் விரலில் நன்றாக உருட்டி மெல்லிசாக்கி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். டிஷ்யூ காகிதம் சுருட்டி வைப்பது பிரயோஜனமில்லை. குழந்தைகளுக்கு ஹெட்போன் போலக் காதுக்கு மேலே மாட்டும் மஃப் வாங்குங்கள், சின்னக் காதில் பிளக் நிற்காது.

நிற்கும் இடமும் முக்கியம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நியோஷ் கொடுக்கும் டெசிபல் அளக்கும் செயலி இலவசம். அன்றைக்கு அளந்தேன். முன்வரிசையில் 98, பின்னால் ஜாஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் 91. இருபத்தைந்து அடி தூரம்தான், ஆனால் மேலே சொன்ன கணக்கில் அரைமணிக்கும் குறைவான நேரம் இரண்டு மணி நேரமாகிறது. பாடுகிறவர் முகம் பார்க்க வேண்டும் என்றால் நட்டநடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் விலகி நில்லுங்கள். வலி வந்தால் எந்தப் பாட்டாக இருந்தாலும் வெளியே போய்விடுங்கள், வாசலில் நின்றாலும் பாட்டுக் கேட்கும். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஹெட்போன் வேண்டாம், அன்று ராத்திரி காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

காது கெட்ட அந்த ஓக்லாண்ட் பக்கத்துக் கடைக்குத் திரும்பப் போக எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன், குறை சொல்லும் குரலில் இல்லை, ஆனால் சொன்னேன். நான் கொண்டுபோயிருந்த டப்பாவைக் கல்லாவில் வைக்கலாமா என்று கேட்டேன். இருநூறு ஜோடி ஸ்பாஞ்ச் இயர்பிளக், முப்பது டாலர்தான். அவர் ஒன்றும் பேசாமல் பாட்டுக்குழு ஸ்டிக்கர்களை ஓரமாகத் தள்ளி அதற்கு இடம் செய்தார். பிறகு ஒரு அட்டையில் “இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மார்க்கரில் எழுதி மேலே சாய்த்தார். போன மாதம் போனபோது டப்பா வேறாக இருந்தது. பழையது தீர்ந்து அவரே வாங்கி வைத்திருக்கிறார்.